நாள் தெரியாத செலவுக்கும் நோட்டில் ஒரு பக்கம்

சேமிப்பைப் பற்றிக் கிராமத்தில் பேச ஆரம்பித்தாலே, "மாசச் சம்பளம் வாங்குற உங்களுக்குச் சரி சார், எங்களுக்கு எது மாசம், எது சம்பளம்?" என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால் என் வீட்டுக் கணக்கை இங்கே எழுதப்போவதில்லை. பெரம்பலூர் மாவட்டத்தில் மூன்றரை ஏக்கரில் வெள்ளாமை செய்யும் என் அண்ணன் வீட்டுக் கணக்கை, அண்ணியின் அனுமதியோடு எழுதுகிறேன்.

நிலத்தில் இரண்டரை ஏக்கர் மானாவாரி. மக்காச்சோளமும் பருத்தியும் மாறி மாறிப் போடுவார்கள். ஒரு ஏக்கர் கிணற்றுப் பாசனம், அதில் சின்ன வெங்காயம். இரண்டு கறவை மாடு. பால் சங்கத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பட்டுவாடா. வயதான அம்மாவும் அவர்களோடுதான் இருக்கிறார். கடைசி மகள் 2025 ஜூனில் கல்லூரிக்குப் போக வேண்டியவள். அவள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோதே, தை முதல் தை வரை அறுபதாயிரம் சேர்ப்பது என்று அண்ணி முடிவு கட்டியிருந்தார். பணம் சேராவிட்டால் அடகுக்குப் போவது அவருடைய ஐந்து பவுன் சங்கிலி. பெரியவன் படிப்புக்காக ஏற்கெனவே ஒரு முறை போய், நான்கு வருஷம் கழித்துத் திரும்பி வந்த சங்கிலி அது.

அறுபதாயிரம் என்பது அவர் புதிதாகச் சொன்ன தொகையும் அல்ல. மூன்று வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று வருஷமும் புரட்டாசிக்குள் பீரோ காலியாகிவிடும். "தம்பி, ஏதாச்சும் ஒண்ணு திடீர்னு வந்துடுது. நம்ம ராசி அப்படி" என்பார்.

எனக்கு ராசி தெரியாது. ஆனால் பண்ணைக்குத் திட்ட அறிக்கை எழுதும்போது கடைசியில் 'இதர செலவு' என்று ஒரு வரி போடாமல் நாங்கள் கையெழுத்திடுவதில்லை. பண்ணைக்கு உண்டு, வீட்டுக்கு ஏன் இல்லை? 2023 மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அந்த மூன்று வருஷத்தில் திடீரென்று வந்த செலவு என்னென்ன என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். அண்ணி சொல்லச் சொல்ல மகள் எழுதினாள்.

2021-இல் மோட்டார் காயில் எரிந்தது 5,800. அம்மாவின் கண் ஆபரேஷனுக்குப் போக வர, தங்கச் செலவு 4,000. மொய் 9,500. ஆக 19,300. அடுத்த வருஷம் மாட்டுக்கு மடிநோய் 3,200, வண்டி இன்ஜின் வேலை 7,000, மொய் 12,000. கூட்டினால் 22,200. 2023-இல் கிணற்று மோட்டார் வயரை யாரோ வெட்டிக்கொண்டு போனதில் 6,000, அண்ணனுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் 11,000, மொய் 8,500. அது 25,500. மூன்றையும் சேர்த்தால் 67,000. வருஷத்துக்குச் சராசரி இருபத்திரண்டாயிரத்துக்குச் சற்று மேல்.

அந்தத் தாளைப் பார்த்து அண்ணி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதுல எது திடீர்னு வந்தது? என்னைக்கு வரும்னுதான் தெரியாது. வராம இருந்ததே இல்லையே" என்றார்.

அதேதான். கிணற்று மோட்டார் வைத்திருப்பவருக்குக் காயில் எரியும், மாடு வைத்திருப்பவருக்கு மருந்துச் செலவு வரும். மொய் இன்னும் தெளிவு. நம் வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்வளவு எழுதினார்கள் என்று நோட்டே இருக்கிறது. திருப்பிச் செய்ய வேண்டிய பணத்தை எதிர்பாராத செலவு என்று நாம் சொல்லிக்கொள்வது வேடிக்கைதான். அண்ணி இந்தச் செலவுகளுக்கு 'விருந்தாளி பணம்' என்று பெயர் வைத்தார். அதிதி என்ற சொல்லுக்கே திதி பார்க்காமல் வருகிறவர் என்றுதான் பொருள் சொல்வார்கள். பொருத்தமான பெயர்.

விருந்தாளிக்கு வருஷத்துக்கு 24,000 ஒதுக்கினோம். அப்படியானால் சேமிப்பு இலக்கைக் குறைக்க வேண்டும். அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "அறுபதுன்னு சொன்னாத்தான் முப்பதாவது தேறும். நாற்பத்தஞ்சுன்னா அதுவும் வராது" என்றார். நிறையப் பேர் இப்படி நினைக்கிறார்கள். எட்டாத தொகையை வைத்துக்கொண்டு நடு வருஷத்தில் "இனி எங்கே" என்று கைவிடுகிற வீடுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கடைசியில் 45,000 என்று முடிவானது.

எங்கிருந்து? பால் பணத்தில் தீவனம், வீட்டுச் செலவு போகப் பட்டுவாடாவுக்கு 1,500, மாதம் 3,000. அதில் 2,500 தொடர் வைப்புக் கணக்குக்கு, 500 விருந்தாளிக்கு. மக்காச்சோளம் விற்ற அன்றே 12,000 விருந்தாளிக்கு. பி.எம். கிசான் 2,000 வீதம் மூன்று தவணையும் விருந்தாளிக்கு. வெங்காயத்தில் 15,000 சேமிப்புக்கு. தொடர் வைப்பில் முப்பதாயிரம், வெங்காயத்தில் பதினைந்தாயிரம். கணக்கு நேராகிவிட்டது.

எங்கே போடுவது என்பதிலும் கவனம் வேண்டும். தபால் அலுவலகத் தொடர் வைப்பு பாதுகாப்பானது, மாதம் நூறு ரூபாயிலிருந்தே கட்டலாம். ஆனால் அது ஐந்து வருஷத் திட்டம். மூன்று வருஷம் முடியாமல் கணக்கை முடிக்க முடியாது. பன்னிரண்டு தவணை கட்டிய பிறகு, கட்டியதில் பாதி வரை கடன் தருவார்கள். நீண்ட காலத் தேவைக்கு நல்லது, அடுத்த வருஷக் கல்லூரிக் கட்டணத்துக்குச் சரிவராது. அதனால் ஓராண்டுத் தொடர் வைப்பாகக் கூட்டுறவு வங்கியில் போட்டார்கள். விருந்தாளி பணம் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் எது எது என்று நான்காம் மாதமே மறந்துவிடும். மாடு வைத்து இப்படித் திட்டம் போடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கன்று ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே பாலை வற்றவிட வேண்டும். இரண்டு மாடும் ஒரே சமயத்தில் வற்றினால் தவணை நின்றுவிடும். அண்ணன் வீட்டில் ஈற்று ஆறு மாதம் தள்ளித் தள்ளி வருகிறது. அது தானாக அமைந்ததல்ல, சினைக்கு விடும்போதே பார்த்துச் செய்தது.

2024 மாசியிலேயே முதல் விருந்தாளி வந்துவிட்டார். மோட்டார் காயில், 6,200. வைகாசியில் ஒரே வாரத்தில் மூன்று பத்திரிகை, மொய் 4,500. இதுவரை யாரும் பதறவில்லை.

ஆடி பிறந்த நான்காம் நாள் அம்மா வாசல்படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையில் நடந்தது. அந்த அட்டை மட்டும் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் இதற்குத் தகுதியானவை. உடம்பு நன்றாக இருக்கும்போதே அட்டை வாங்கி வையுங்கள். ஆம்புலன்ஸ் வந்த பிறகு வருமானச் சான்றிதழுக்கு அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

ஆனால் அட்டையில் வராத செலவும் உண்டு. கூட இருப்பவருக்குச் சாப்பாடு, கார் வாடகை, நடப்பதற்கு வாக்கர், பிறகு பிசியோதெரபிக்குப் போக வர. எல்லாம் சேர்த்து 7,800. பணத்தைக் கட்டும் முன்பே அண்ணன் கலங்கிப்போய், "தொடர் வைப்பை முடிச்சிடலாம், இல்லேன்னா சங்கிலிய வை" என்று ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று சொன்னார். வெளியில் மூன்று வட்டிக்குத் தருகிறேன் என்று ஒரு தெரிந்தவர் போனிலேயே சொல்லிவிட்டார். மூன்று வட்டி என்றால் பத்தாயிரத்துக்கு மாதம் முந்நூறு, வருஷத்துக்கு 3,600. அண்ணி பாஸ்புக்கை எடுத்துக் காட்டினார். விருந்தாளி கணக்கில் அன்று இருந்தது 8,300.

செலவு போக மிச்சம் ஐந்நூறு. அன்று இரவு இன்னொரு செலவு வந்திருந்தால் சங்கிலி போயிருக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஐப்பசி மழையில் வந்த அடி வேறு மாதிரி. வெங்காயத்தில் திருகல் நோய். தொடர் மழையில் மருந்தடிக்க இடைவெளியே கிடைக்கவில்லை, பாதி மகசூல்தான். பதினைந்தாயிரத்துக்குப் பதில் ஆறாயிரம்தான் எடுத்து வைக்க முடிந்தது. செலவு கூடுவதற்கு விருந்தாளி பணம் உதவும், வரவு குறைந்தால் அது உதவாது. அதற்குப் பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். அண்ணன் பிரீமியம் கட்டியிருந்தார். தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 5 சதவிகிதம் வரை. ஆனால் இழப்பு பெரும்பாலும் பகுதி அளவில்தான் கணக்கிடப்படுகிறது. அந்தப் பகுதி முழுக்க மகசூல் விழுந்தால்தான் பணம் வரும், நம் வயல் மட்டும் கெட்டால் வராது. இதைத் தெரியாமல் கட்டிவிட்டு அலுவலகத்தில் வந்து சண்டை போடுகிறவர்கள் உண்டு. தெரிந்தே கட்டுங்கள். ஊரே மூழ்கும் வருஷத்துக்கு அது வேண்டும்.

கார்த்திகையில் மறுபடி மடிநோய், 2,400.

தை பிறந்தபோது தொடர் வைப்பில் 30,000, அதற்கு வட்டி ஆயிரத்துச் சொச்சம். வெங்காயப் பணம் 6,000. விருந்தாளி கணக்கில் மிச்சம் 3,100. நாற்பத்தைந்தாயிரத்துக்கு வட்டியையும் மிச்சத்தையும் சேர்த்தாலும் ஐந்தாயிரம் போல் குறைவு. அந்தக் குறையை அந்தத் தை மாத மக்காச்சோளத்தில் எடுத்துச் சரிக்கட்டினார்கள். ஜூனில் கல்லூரிக் கட்டணமும் விடுதி முன்பணமும் கட்டியாயிற்று. கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனும் கெடு தேதிக்கு முன்பே அடைந்துவிட்டது. தவணை தவறினால் வட்டியில்லாச் சலுகை போய்விடும் என்பதால் அதை மட்டும் அண்ணன் எந்த வருஷமும் தள்ளிப்போட்டதில்லை.

"இலக்கு தொடலையே தம்பி" என்று அண்ணி சொன்னார். சங்கிலி அவர் கழுத்தில் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருஷ நோட்டில் இரண்டு மாற்றம் செய்திருக்கிறார். மொய்யை விருந்தாளிப் பக்கத்திலிருந்து எடுத்துத் தனிப் பக்கம் போட்டு, பழைய மொய் நோட்டைப் பார்த்து இந்த வருஷம் எந்தெந்த வீட்டில் கல்யாணம், காதுகுத்து வரலாம் என்று பெயரோடு எழுதிவிட்டார். வெங்காயத்தைச் சேமிப்புக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. "அது வந்தா வரட்டும், பேரு எழுத மாட்டேன்" என்கிறார். அண்ணன் மறுபடி அறுபதாயிரம் என்று ஆரம்பித்திருக்கிறார். பேச்சு இன்னும் முடியவில்லை.