யூனிட் இரண்டு ஃபில்ஸ்!

திண்டுக்கல் என்றால் பூட்டும் பிரியாணியும்தான் என்று நினைப்பவர்கள், நாகல் நகருக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். சௌராஷ்டிர நெசவாளர் தெருக்களில் இன்னமும் 'டக்... டக்...' என்று தறிச் சத்தம் கேட்கும்.

கைத்தறிக்கு எதற்குக் கரண்ட் என்கிறீர்களா? தறியை ஓட்டுவது கையும் காலும்தான். ஆனால் அறுந்த இழை கண்ணுக்குத் தெரிய லைட் வேண்டும். வேர்வைக்கு ஃபேன் வேண்டும். அதற்குத்தான் அரசின் இலவச மின்சாரம். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் என்று 2016-ல் உயர்த்தினார்கள். 2023-ல் அது 300 ஆயிற்று.

"ப்பூ, முந்நூறுதானா!" என்று சிரித்தார், குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த நம்ம தெரு டிரைவர் தம்பி. அங்கே குடிமக்கள் வீட்டுக்கு 1966-லிருந்து யூனிட் 2 ஃபில்ஸ். நம் காசில் ஒரு ரூபாய்கூடத் தேறாது! தயாரிக்க ஆகும் செலவோ பல மடங்கு. மிச்சம் எண்ணெய்ப் பணம்.

"முதலாளி குடும்பத்தோட வெளிநாடு போனாலும் ஏ.சி. ஓடிக்கிட்டே இருக்கும்ணே!"

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். பத்து ஏ.சி. பங்களாவுக்குப் பத்து மடங்கு மானியம், ஒற்றை ஏ.சி. வீட்டுக்கு ஒரு மடங்கு. இருப்பவனுக்கே பந்தி! இது புரிந்துதான் ஈரான் 2010-ல் எரிபொருள் விலையை ஏற்றிவிட்டு, பணத்தை மக்கள் கணக்கில் நேராகப் போட்டது.

நாகல் நகர் சலுகைக்கு ஒரு கோடு இருக்கிறது. தாண்டினால் பில். அதனால் தறியை விட்டு எழுந்தால் கை தானாக ஸ்விட்சுக்குப் போகிறது.

மானியமும் பாவு நூல் மாதிரிதான் சார். அளந்து போட்டால் சேலை, அவிழ்த்துவிட்டால் சிக்கு!