மூன்று விரல்களும் ஒரு காணிக்கையும்

திருவள்ளூரில் கோயில் கொண்டுள்ள வீரராகவப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்னும் பெயரும் உண்டு. நோயுற்றோர் அங்குள்ள திருக்குளத்தில் வெல்லம் கரைத்து வேண்டிக்கொள்வதும், கண், கை, கால் எனச் சிறு வெள்ளித் தகட்டு உருக்களைச் செலுத்துவதும் நெடுநாள் வழக்கம். அவ்வழியே செல்லும்போதெல்லாம் குருமடத்தில் நாம் பயின்ற உரோமை வரலாறு நினைவுக்கு வரும்.

பண்டைய உரோமையரும் தம் கோயில்களில் சிறு வெண்கலப் பதுமைகளை நேர்ந்து வைத்தனர். தைபர் ஆற்றுத் தீவில் மருத்துவத் தெய்வமாகிய எஸ்குலாப்பியுஸ் கோயிலை ஒட்டி, சுட்ட மண்ணாலான உறுப்பு உருக்கள் பல கிடைத்துள்ளன. காணிக்கைக் கற்களில் நான்கு இலத்தீன் எழுத்துகளைப் பொறிப்பதும் அவர்கள் மரபு. 'நேர்ந்ததைத் தகுதியறிந்து மனமுவந்து செலுத்தினேன்' என்பது அவற்றின் கருத்து.

இவ்வழக்கம் நமக்கும் அயலானதன்று. சிரியா நாட்டு ஆயர் தெயோதொரேத்து, மறைசாட்சியரின் ஆலயங்களில் பொன்னாலும் வெள்ளியாலுமான கண், கை, கால் உருக்களை மக்கள் செலுத்தியதை 5ஆம் நூற்றாண்டிலேயே எழுதியுள்ளார். வேளாங்கண்ணிக் காணிக்கைக் காட்சியகத்தை நம் வாசகருள் பலர் கண்டிருப்பர்.

ஆயினும், 'கடவுளோடு பேரம் பேசாதீர்கள்' என்று நாம் பிரசங்கித்ததும் உண்டு. அப்படிப் பிரசங்கித்த மறுவாரமே, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையொன்றில் உழைக்கும் ஒருவர் நம்மிடம் வந்தார். வலக் கையில் இரு விரல்களை இயந்திரம் கொண்டுபோயிருந்தது. காகிதப் பொட்டலத்தைப் பிரித்து வெள்ளிக் கை ஒன்றை நீட்டினார். அதிலும் மூன்றே விரல்கள்! தட்டாரிடம் சொல்லி இரண்டை வெட்டச் செய்திருக்கிறார்.

"சாமி, போன விரலைக் கேட்டு வரவில்லை. இருக்கிற விரலுக்கு நன்றி சொல்ல வந்தேன். மாதா காலடியில் வைத்துவிடுங்கள்" என்றார்.

நம் நா எழவில்லை. குணமடைந்த பத்துத் தொழுநோயாளருள் திரும்பி வந்தவன் ஒருவனே. அவனும் அயல் இனத்தான். முழுக் குணம் பெற்றும் திரும்பாதவர் ஒன்பதின்மர். இவரோ குறைபட்ட கையோடு திரும்பி வந்திருக்கிறார். இதைப் பேரம் என்று எப்படிச் சொல்வது?

அன்புள்ள குடும்பத்தாரே, அந்தக் கை இன்றும் நம் ஆலயத்தில் உள்ளது. அதைக் காணும்போது நன்றியோடு நடுக்கமும் எழுகிறது. ஆலை நடத்துவோரும் மேற்பார்ப்போரும் நம் பங்குகளில் உண்டு. சுழலும் உருளைக்கு முன் அவர்கள் பொருத்தும் காப்புத் தகடும் இறைவனுக்கு உகந்த காணிக்கையே. இன்னொரு மூன்று விரல் வெள்ளிக் கை நம் ஆலயத்துக்கு வர வேண்டாம்.