ஸ்டியரிங் நடுக்கமும் ஒரு பழிச்சொல்லும்

உம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மாதம் ஒரு முறை மதுரைக்குச் சென்றுவர வேண்டியிருந்தது. கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம், பரமக்குடி வழியாகச் செல்லும் அந்தப் பயணத்திற்கு எங்களிடம் இருந்தது, பத்து ஆண்டுகள் ஓடிய ஒரு சிறிய கார். சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்தபோது, பள்ளங்களில் இறங்கும்போதெல்லாம் அதன் முன்பக்கத்திலிருந்து கடகடவென ஓசை எழத் தொடங்கியது. வாப்பா காலத்திலிருந்து எங்கள் வண்டிகளைப் பார்த்துவரும் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோய் விட்டோம்.

அவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, முன்பக்க ஷாக் அப்சார்பர்கள், லோயர் ஆர்ம்கள், டை ராட் எண்டுகள் ஆகியவற்றை மாற்றிக் கொடுத்தார். கழற்றிய பழைய பாகங்களைச் சாக்கில் போட்டு எங்கள் கண்முன் வைத்தார். "பாய், ராமநாதபுரம் போய் அலைன்மெண்டும் பேலன்சிங்கும் சேத்துப் பாத்துருங்க" என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. டயர் கடையில் அலைன்மெண்ட் பார்த்தோம். பின் டயர்கள் அதிகம் தேயாமல் இருந்ததால் அவற்றை முன்னால் மாற்றிப் போடச் சொன்னோம். பேலன்சிங் பார்க்கவா என்று கடைக்காரர் கேட்டபோது, ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றோம். சில நூறு ரூபாய் மிச்சமாகும் என்ற எண்ணமும் உள்ளே இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

அடுத்த வாரம் மதுரைப் பயணம். பரமக்குடியைத் தாண்டி நான்கு வழிச்சாலையில் ஏறியதும் வேகம் 80ஐத் தொட்டது. ஸ்டியரிங் கைகளுக்குள் நடுங்கத் தொடங்கியது. 90இல் அது இன்னும் வலுத்தது. பின்னிருக்கையில் தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்த உம்மா, "மெல்லப் போ வாப்பா" என்றார்கள். சாலையோரம் நிறுத்திச் சக்கர நட்டுகளைச் சோதித்தோம். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. அதன்பிறகு 60க்கு மேல் போகத் துணியவில்லை. மதுரை வரையிலும் எங்கள் பேச்சு ஒன்றே ஒன்றுதான்: பழுது பார்ப்பதற்கு முன் இந்த நடுக்கம் இல்லை, பார்த்த பிறகு வந்திருக்கிறது, ஆகவே பழுது பார்த்தவர்தான் காரணம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வலிமா விருந்தில் மச்சானும் அடுத்த வீட்டுக்காரரும் வண்டியைப் பற்றி விசாரித்தார்கள். "டூப்ளிகேட் சாமான் போட்டு ஏமாத்திட்டாரு" என்று சொல்லிவிட்டோம். அதற்கு எங்களிடம் எந்தச் சான்றும் இல்லை. சாக்கிலிருந்த பழைய பாகங்களையோ புதியவற்றின் பில்லையோ எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. மச்சான் தமது வேனின் எஞ்சின் வேலையை அந்த அண்ணனிடம் கொடுக்க இருந்தார். மறுநாளே அதை வேறு இடத்திற்குக் கொண்டுசென்றுவிட்டார்.

பத்து நாள் கழித்து, அடுத்த பயணத்திற்கு வேறு வழியில்லாமல் அண்ணனிடமே காரைக் கொண்டுபோனோம். முகம் கொடுத்துப் பேச எங்களுக்கு மனம் வரவில்லை. அவரோ நிதானமாகக் கேள்விகளைக் கேட்டார். எந்த வேகத்தில் ஆரம்பிக்கிறது? பிரேக் பிடிக்கும்போது மட்டுமா, எப்போதுமா? ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கூடுகிறதா? நடுக்கம் கையில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா?

பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வண்டியை ஓட்டிச் சென்றார். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் வேகம் 80ஐத் தாண்டியதும் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். எஞ்சின் ஓசை தணிந்தது, நடுக்கம் தணியவில்லை. எஞ்சின் காரணமில்லை என்றார். பிரேக்கை மெல்லப் பிடித்தார், நடுக்கம் கூடவில்லை. பிரேக் டிஸ்க்கும் காரணமில்லை என்றார்.

பட்டறைக்குத் திரும்பி ஜாக்கி போட்டுத் தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தார். பால் ஜாயிண்டிலும் பேரிங்கிலும் ஆட்டமில்லை. இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்தார். டை ராட் எண்டிலும் ஆட்டமில்லை. எங்களையும் அழைத்து அசைத்துப் பார்க்கச் சொன்னார். அதன்பிறகு முன் சக்கரங்களைப் பின்னாலும், பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டு மீண்டும் ஓட்டினார். ஸ்டியரிங் அமைதியாகிவிட்டது. இப்போது அதே வேகத்தில் எங்கள் இருக்கைக்கு அடியில் லேசான அதிர்வு தெரிந்தது.

நோய் சக்கரத்தோடு இடம் மாறியிருந்தது. சந்தேகத்திற்குரிய சக்கரத்தைக் கழற்றி, ரிம்மின் உட்புறத்தில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டினார். விளிம்பில், எடைக்கட்டி ஒன்று மாட்டியிருந்து விழுந்துபோன தடம் பளிச்சென்று தெரிந்தது. "எப்பவோ விழுந்திருக்கு பாய். பின்னாடி இருந்தப்ப சீட்ல லேசாத் தெரிஞ்சிருக்கும், ரோடு சரியில்லன்னு நெனச்சிருப்பீங்க. முன்னாடி வந்ததும் கைக்குத் தெரிஞ்சிருச்சு" என்றார்.

ராமநாதபுரத்தில் பேலன்சிங் இயந்திரத்தில் ஏற்றியபோது அந்தச் சக்கரத்திற்கு 35 கிராம் எடை தேவைப்பட்டது. சிறிய கார் ஒன்று 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் சக்கரம் விநாடிக்கு ஏறத்தாழ 13 முறை சுழல்கிறது. அந்த வேகத்தில் 35 கிராம் ஏற்றத்தாழ்வு, ஏறத்தாழ 4 கிலோ எடையின் விசையோடு சக்கரத்தை ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கிறது. அலைன்மெண்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது; அது தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும். பேலன்சிங் என்பது சுழலும் சக்கரத்தின் எடையைச் சமன்செய்வது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் வரும் நடுக்கத்திற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அண்ணன் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னதன் பொருள் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

வீடு திரும்பி நடந்ததைச் சொன்னோம். உம்மா கேட்டது ஒன்றுதான்: "அவர்கிட்ட போய்ச் சொன்னியளா?"

மனிதருக்கு இழைத்த குற்றத்தை அந்த மனிதரிடமே நேர்செய்ய வேண்டும் என்று சிறுவயதில் மதரஸாவில் படித்திருக்கிறோம். அந்த மனிதர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் ஹக் ஹக்தான். அன்று அஸருக்குப் பிறகு பட்டறைக்குச் சென்று, அவரைப் பற்றி யாரிடம் என்ன சொன்னோம் என்பதை ஒளிக்காமல் சொன்னோம். அவர் கையில் படிந்த கிரீஸைத் துடைத்தபடி சற்று நேரம் பேசாதிருந்தார். "வேன் வரலன்னதுமே ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுது பாய். மொதல்ல என்கிட்ட சொல்லிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால்கூட எங்களுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அடுத்த வீட்டுக்காரரிடமும் மச்சானிடமும் தனித்தனியே சென்று, நாங்கள் சொன்னது தவறு என்று தெரிவித்தோம். அடுத்த வீட்டுக்காரர் இப்போதும் அண்ணனிடமே வண்டியை விடுகிறார். மச்சானின் வேன் எஞ்சினோ அதற்குள் வேறு பட்டறையில் பிரிக்கப்பட்டுவிட்டது. அந்த வேலையின் கூலி அண்ணனுக்குக் கிடைக்காமல் போனது எங்கள் நாவினால்தான். அதை இன்னும் எங்களால் ஈடுசெய்ய முடியவில்லை.

வண்டியில் வேலை பார்த்த பிறகு நடுக்கம் தெரிந்தால், எந்த வேகத்தில், எந்த இடத்தில், பிரேக் பிடிக்கும்போதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் பின் நீங்களே எதையேனும் மாற்றினீர்களா என்று நினைத்துப் பாருங்கள். சக்கர நட்டுகளைச் சோதித்துவிட்டு, வேகத்தைக் குறைத்து ஓட்டி, வேலை பார்த்தவரிடமே முதலில் கொண்டுசெல்லுங்கள். காரணம் தெரியும்வரை அவரைப் பற்றி வேறொருவரிடம் பேச வேண்டாம்.

நம் பயணங்களையும் நம் நாவுகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.