நெய்கிறவனும் தைக்கிறவளும்

சம்பாப் பயிர் தூர் கட்டி இலை நீளும் நாட்களில், நாகை மாவட்டத்துக் கீழ்வேளூர்ப் பக்கத்து வரப்போரப் பனைகளில் தூக்கணாங்குருவிகளின் இரைச்சல் தொடங்கிவிடும். நெய்கிறவன் ஆண். நெல்லிலையின் ஓரத்தில் அலகால் ஒரு நறுக்கு வைப்பான். நுனியைக் கவ்விக்கொண்டு பறந்தால் இலை நீளவாட்டில் நாராகக் கிழிந்து வரும். ஒரு கூட்டுக்கு 500 நடை வரைகூட ஆகும் என்கிறார்கள்.

பாதிக் கூடு முடிந்ததும் வேலை நிற்கும். பெண் குருவிகள் வந்து, தொற்றிப் பார்த்து, அலகால் இழுத்துச் சோதிக்கும். ஒருத்திக்குப் பிடித்துவிட்டால்தான் முட்டையறையும் நீண்ட குழாய் வாசலும் வைத்துக் கட்டி முடிப்பான். யாருக்கும் பிடிக்காத கூடு பாதியிலேயே தொங்கும். பெண் அடைகாக்க உட்கார்ந்ததும் அவன் அடுத்த கூட்டுக்கும் அடுத்த பெண்ணுக்கும் போய்விடுவான். 1930இல் பம்பாய்க்கு அருகே கிஹிம் என்ற கடலோர ஊரில் பறவையியலாளர் சலீம் அலி ஒரு மழைக்காலம் கவனித்து எழுதிய விஷயம் இது. கூட்டின் உட்புறம் ஈரக் களிமண் அப்பியிருக்கும். மின்மினியை அதில் ஒட்டி விளக்கேற்றுகிறது என்பார்கள் பெரியவர்கள். மண் இருப்பது உண்மை. காற்றில் கூடு அதிகம் ஆடாமலிருக்க அது உதவலாம்.

தையல்சிட்டின் வழி முற்றிலும் வேறு. சிட்டுக்குருவியைவிடச் சிறிய பறவை. எடை பத்து கிராம்கூட வராது. இங்கே தைப்பவள் பெண். கொல்லையில் அகன்ற இலையுள்ள ஒரு செடி போதும். இலையின் இரு ஓரங்களிலும் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலையோ பஞ்சுத் திரியையோ கோத்து இழுப்பாள். முடிச்சு கிடையாது, துளைக்கு வெளியே பிரிந்து விரியும் பஞ்சே பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு தையலும் தனித்தனி. இலையைக் காம்பிலிருந்து கிள்ளுவதில்லை என்பதால், குஞ்சுகள் வளரும்வரை அந்த வீடு பச்சையாகவே இருக்கும். கொல்லை முழுக்கக் கேட்கும் குரல் அந்தச் சிட்டுக்கு. கூடு மட்டும் கண்ணில் படாது.

கைவேலையில் இத்தனை தேர்ந்த இரண்டும் நெருங்கிய உறவு இல்லை. நெசவுக்காரன் பிளோசிடே குடும்பம். தையல்காரி, கதிர்க்குருவிகள் அடங்கிய சிஸ்டிகோலிடே. ஆளுக்கொரு வழியில் தனித்தனியாக வந்த வித்தை. நுணுக்கத்தில் எனக்குத் தையல்சிட்டுதான் ஒரு படி மேல். கவலையெல்லாம் மற்றதைப் பற்றி.

தையல்சிட்டுக்கு ஒரு பூச்செடி மிஞ்சினால் பிழைத்துக்கொள்ளும். தூக்கணாங்குருவிக்கோ உயரமான மரமும் பக்கத்தில் நீரும் நெல்லிலையும் சேர்ந்து வேண்டும். குறுந்தொகைக் காலத்திலேயே அதன் கூடு பனையில்தான் தொங்கியது. 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக் கரையில் தென்னைகளைச் சாய்த்துப் போட்டபோதும் பனைகள் பெரும்பாலும் நின்றன. அப்படி நின்றவற்றை நாம் வெட்டக் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது நல்ல காரியம்.

பால் பிடித்த கதிரைக் கொத்துகிறது என்று விவசாயிகளுக்குத் தூக்கணாங்குருவிமேல் வருத்தம் உண்டு, நியாயமானதுதான். ஆனால் குஞ்சுகளுக்கு இது ஊட்டுவதில் வயல் பூச்சிகளும் ஏராளம். அழகுக்காகக் கூட்டை அறுத்து வந்து வரவேற்பறையில் மாட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வேண்டாம். குழாய் வாசல் வைத்து முடித்த கூடு காலியா, உள்ளே குஞ்சு கிடக்கிறதா என்பது கீழே நிற்பவருக்குத் தெரியாது.