நடுவட்டத்தில் திருத்திய திட்டம்

வரைபடத்தில் மலை ஏறுவது மிக எளிது. விரலுக்கு மூச்சு வாங்குவதில்லை. சென்ற மழைக்காலத்து இரவுகள் பலவற்றை, இஷாத் தொழுகை முடிந்தபின், கோவையில் எங்களுள் ஒருவர் வீட்டுத் திண்ணையில் அவ்வாறு விரலால் மலையேறியே கழித்தோம். நாங்கள் மூவர். மூவரும் ஐம்பதைக் கடந்தவர்கள். மிதிவண்டியில் கடலைப் பார்த்து, மலையைக் கடந்து, மீண்டும் வீட்டு வாசலில் வந்து இறங்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

2008 முதல் நடந்து வரும் நீலகிரி மிதிவண்டிச் சுற்றுலாவைப் பற்றி வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அந்த இளைஞர்களுக்குப் பின்னால் உதவி வண்டிகள் வரும். எங்களுக்குப் பின்னால் எங்கள் நிழலைத் தவிர வேறொன்றும் வராது. ஆகவே திட்டத்தை நாங்களே வகுத்தாக வேண்டியிருந்தது.

கோவையிலிருந்து பாலக்காடு, ஒற்றப்பாலம், பொன்னானி, கோழிக்கோடு, நிலம்பூர், கூடலூர், நடுவட்டம், உதகை, குன்னூர், மேட்டுப்பாளையம், மீண்டும் கோவை. இதுவே எங்கள் வட்டம். ஏறத்தாழ 460 கிலோமீட்டர்.

இந்த வட்டத்தை வலமாகச் சுற்றுவதா, இடமாகச் சுற்றுவதா என்பதிலேயே நான்கு இரவுகள் போயின. முடிவு சொன்னது காற்று. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வீசும் காற்று, மார்கழி, தை மாதங்களில் திசை மாறிக் கிழக்கிலிருந்து வீசும். அப்போது கோவையிலிருந்து மேற்கே செல்பவனுக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளும் தோழன்; எதிரே வருபவனுக்கோ மார்பில் கை வைத்துத் தடுக்கும் பகைவன். மழையும் அதையே சொல்லிற்று. கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடியில் நனைகிறது. குன்னூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் நனைந்து மண் சரிகிறது. இரண்டும் ஓய்ந்த ஜனவரியே தக்க காலம். அப்போது உதகையில் விடியற்காலை உறைபனி இருக்கும். வெயில் ஏறிய பிறகே அங்கிருந்து இறங்க வேண்டும் என்று குறித்துக்கொண்டோம்.

கடற்கரை வழியைப் பற்றி எங்களுக்கு அச்சமில்லை. பொன்னானியிலிருந்து சமரவட்டம் பாலத்தில் பாரதப்புழையைக் கடந்தால், திரூர், தானூர் வழியாகக் கோழிக்கோடு வரை பெரும்பாலும் சமதரைதான். பதினான்காம் நூற்றாண்டில் மலபார் வழியே சென்ற இப்னு பதூதா, பாதை நெடுகிலும் மர நிழலும், அரை மைலுக்கு ஒரு தங்குமிடமும், அங்கே கிணறும், நீர் வார்க்க ஓர் ஆளும் இருந்ததை வியந்து எழுதியிருக்கிறார். இன்று அந்த ஏற்பாடு இல்லை. புழுக்கம் மட்டும் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு குப்பி நீர் என்று எழுதிக்கொண்டோம். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிக் குப்பிகளுக்குத் தடை உள்ளதால், அந்தக் குப்பிகளும் எங்களுடையவையாகவே இருக்க வேண்டும்.

மலைக்கு வேண்டியது பல். எங்கள் தந்தையர் ஓட்டிய கறுப்பு மிதிவண்டியில் முன்சக்கரத்துக்கு 44 பல் என்றால் பின்சக்கரத்துக்கு 18 பல் இருக்கும். மிதியை ஒருமுறை சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் ஓடும். சமதரையில் அது வரம். மலையில் அதுவே சுமை. முன்னும் பின்னும் 34 பற்கள் அமைந்த கியரிலோ ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் அளவே நகரும். மெல்லத்தான் போகும், ஆனால் முழங்கால் தப்பும். மேட்டுப்பாளையத்து மலை இரயிலும், பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் இடங்களில், தண்டவாளத்து நடுவேயுள்ள பற்களைப் பற்றிக்கொண்டுதானே ஏறுகிறது! இரும்புக்கே பல் வேண்டியிருக்கும்போது எலும்புக்கு வேண்டாமா?

இவ்வாறு காற்றையும் மழையையும் பல்லையும் கணக்கிட்ட எங்கள் திட்டம் ஆறு நாளில் அடங்கிற்று. ஐந்தாம் நாள் நிலம்பூரிலிருந்து புறப்பட்டு, நாடுகாணி மலைப்பாதை ஏறி, கூடலூரும் நடுவட்டமும் கடந்து, இரவு உதகையில் தங்குவது. 100 கிலோமீட்டர். கடல் மட்டத்தை ஒட்டிய ஊரிலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் ஒரே நாளில் ஏற்றம். இளையவர் அதைச் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டார். எங்கள் நண்பர், மூவரில் மூத்தவர், ஒன்றும் சொல்லவில்லை.

அவர் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு செப்டம்பரில், மிதிவண்டிகளைப் பேருந்தில் ஏற்றிக் கூடலூர் சென்று, அங்கிருந்து உதகைக்கு ஓட்டினோம். தவளைமலைக்கு அருகில் மேகம் இறங்கியது, தூறலும் பிடித்தது. நண்பர் பின்தங்கினார். எங்கள் இருவருக்கும் அன்று கால் நன்றாக ஓடிற்று. நடுவட்டத்தில் நின்று காத்திருப்போம் என்று சொல்லிக்கொண்டு மேலேறிவிட்டோம். காத்திருந்தோம், தேநீர் குடித்தோம், இரண்டாவது தேநீரும் குடித்தோம். ஒரு மணி நேரம் கழித்தே திரும்பி இறங்கினோம்.

ஒரு வளைவின் ஓரத்தில், தேயிலைச் செடிகளுக்குக் கீழே அவர் உட்கார்ந்திருந்தார். உடல் நடுங்கியது, பேச்சுக் குழறியது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஆறேழு டிகிரி குறையும். ஏற்றத்தில் வியர்த்து, தூறலில் நனைந்து, வயிறும் வெறுமையாகிவிட்டால், நின்ற மாத்திரத்தில் குளிர் எலும்புக்குள் இறங்கிவிடும். இந்த உண்மையை நாங்கள் பின்னர் படித்தறிந்தோம். அவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மையாருக்கோ அது படிக்காமலே தெரிந்திருந்தது. 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். கொழுந்து பறித்து இறங்கியவர், தம் கம்பளியை அவர் மேல் போர்த்தி, தூக்கில் இருந்த சர்க்கரைத் தேநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், “கூட வந்தவங்க நீங்கதானா, ஐயா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு நாங்கள் இன்றுவரை சரியான விடை கண்டதில்லை.

சென்ற மாதம், பாதையை நேரில் பார்த்துவர மூவரும் பேருந்தில் நடுவட்டம் போனோம். 1860களில் கொயினா மரம் வளர்த்த ஊர் அது. மலேரியாவுக்கு மருந்தாகும் அந்தப் பட்டை மரத் தோட்டங்களில் வேலை வாங்குவதற்காகச் சீனக் கைதிகளை அடைத்து வைத்த சிறைக்கட்டடம் இன்றும் இருக்கிறது. விலங்கோடு மலையேறியவர்களின் ஊரில், விரும்பி மலையேற வந்த நாங்கள் தேநீர்க்கடைப் பலகையில் திட்டத்தை விரித்தோம்.

நண்பர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சிவப்பு மையின்மேல் விரல் வைத்தார்.

“அஞ்சாம் நாள் என்னை எந்த வளைவில் விட்டுட்டுப் போறதா உத்தேசம்?”

கேலியாகத்தான் கேட்டார். ஆயினும் எங்களால் சிரிக்க முடியவில்லை. மூன்று ஆண்டுகளாகச் சொல்லாதிருந்த மன்னிப்பை அன்றுதான் கேட்டோம். அவர் கையமர்த்திவிட்டு, “அதை விடுங்க. கணக்கைத் திருத்துங்க” என்றார்.

திருத்தினோம். ஐந்தாம் நாள் நிலம்பூரிலிருந்து கூடலூர் வரை மட்டும். நாடுகாணிப் பாதையில் யானை நடமாட்டம் உண்டாகையால், வெளிச்சம் வந்தபின் புறப்பட்டுப் பொழுதோடு போய்ச்சேர வேண்டும். ஆறாம் நாள் கூடலூரிலிருந்து நடுவட்டம் மட்டும். “பதினைந்து, பதினாறு கிலோமீட்டருக்கு ஒரு நாளா?” என்று இளையவர் வாய்திறந்து, தாமே மூடிக்கொண்டார். ஏழாம் நாள் பைக்காரா வழியாக உதகை. எட்டாம் நாள் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, சக்கரம் சூடேறாமல் இறங்கிக் கோவை. மணிக்கு ஒருமுறை பசிக்கும் முன்பே பேரீச்சையோ கடலைமிட்டாயோ தின்பது. ஆளுக்கு ஒரு மாற்றுச் சட்டை, நனையாத உறையில்.

மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ள வேண்டும் என்னும் நபிமொழி நம் வீடுகளில் எல்லோரும் அறிந்ததே. நாங்கள் எப்போதும் முன்னால் ஓடுபவரையே தலைவர் என்று எண்ணியிருந்தோம். இம்முறை நண்பரைத் தலைவராக்கினோம். அவர் முன்னே செல்வார். அவர் நின்றால் நாங்களும் நிற்போம்.

நண்பரின் பையில் அந்தக் கம்பளி இருந்தது. துவைத்து, மடித்து, திருப்பிக் கொடுக்கவே கொண்டுவந்திருந்தார். கடைக்காரரிடம் விசாரித்தோம். “அந்தக் குடும்பம் திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டாங்க, பாய். போயி ஒரு வருஷம் இருக்கும்” என்றார் அவர். நண்பர் சிறிது நேரம் கம்பளியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை வாங்கி, எடுத்துச் செல்ல வேண்டிய பொருள்களின் பட்டியலில் கடைசியாக, ‘கம்பளி - ஒன்று’ என்று எழுதினார்.

சுமையைக் குறைக்க வேண்டும் என்று பல் துலக்கும் தூரிகையின் காம்பைக்கூட வெட்டச் சொன்னவர் எங்கள் இளையவர். அந்தக் கம்பளி ஒன்றரைக் கிலோவாவது இருக்கும். அவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். “இதை நான் கொண்டுவருகிறேன்” என்றார்.

ஜனவரியில் புறப்படுகிறோம், இன்ஷா அல்லாஹ்.