அஸ்தபோவோ: ஒரு நிலையமும் ஓர் ஊரும்

மாஸ்கோ நகருக்குத் தெற்கே, சற்றுக் கிழக்காக, சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில், லிபெத்ஸ்க் மாகாணத்தின் கருமண் சமவெளியில் ஒரு சிற்றூர் இருக்கிறது. அதன் பெயர் லெவ் தோல்ஸ்தோய். நம் நாட்டார் டால்ஸ்டாய் என்று வழங்கும் அந்த மகானின் முழுப்பெயரையே ஊர்ப் பெயராகச் சூடிக்கொண்டிருக்கும் இச்சிற்றூரில் அவர் பிறந்தாரல்லர், வாழ்ந்தாருமல்லர். அவர் பிறந்து வாழ்ந்து நூல்கள் இயற்றிய இடம் யாஸ்னயா பொல்யானா. இங்கே அவர் தங்கியது ஏழே நாட்கள். அந்த ஏழு நாட்களுக்கு முன் இவ்வூரை ருஷ்யாவிலேயே பலர் அறிந்திருக்கமாட்டார்கள். அன்று இதன் பெயர் அஸ்தபோவோ.

அரசர் கட்டிய கோட்டையாலோ, அடியார் எழுப்பிய ஆலயத்தாலோ உண்டான ஊரன்று இது. இருப்புப்பாதையால் உண்டான ஊர். 1861-ல் ருஷ்யாவின் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது. அதன்பின் வந்த ஆண்டுகளில், கருமண் பூமியின் தானியத்தை நகரங்களுக்கும் துறைமுகங்களுக்கும் கொண்டுசெல்லத் திசைதோறும் தண்டவாளங்கள் இடப்பட்டன. 1889-ஆம் ஆண்டையொட்டி இப்பகுதிக்கும் பாதை வந்தது. வயல்வெளி நடுவே நிலையம் எழுந்தது; அண்டையிலிருந்த குக்கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. பாதைகள் கூடும் சந்திப்பாதலால் ஊழியர் குடியிருப்புகள் தோன்றின, தந்தி அலுவலகம் தோன்றியது, ஊழியர்களைக் கவனிக்க மருத்துவரும் வந்தார். ரயில்வே காலனிகளில் குடும்பம் நடத்தும் நம் சங்கத்து அன்பர்களுக்கு இத்தகைய ஊரின் தோற்றத்தை விவரிக்க வேண்டியதில்லை. மணியோசையும் புகையும் நேர அட்டவணையுமே அதன் வாழ்வு.

பாதை வந்த இரண்டொரு ஆண்டுகளில், 1891-ல், இச்சமவெளியில் கொடிய பஞ்சம் தலைவிரித்தாடியது. அப்போது டால்ஸ்டாய் இவ்வட்டாரத்திலேயே, பக்கத்து உட்பிரிவாகிய தான்கோவைச் சேர்ந்த பெகிச்செவ்கா என்னும் கிராமத்தில் வந்து தங்கி, ஊர்தோறும் இலவச உணவுச்சாலைகள் ஏற்படுத்திக் குடியானவர்களுக்குச் சோறிட்டார். ஆகவே 1910-ல் அவர் இங்கு வந்து சேர்ந்தது தற்செயலேயாயினும், முற்றும் அந்நியமான மண்ணுக்கு அவர் வந்துவிடவில்லை.

அந்தப் பிரயாணம் உலகறிந்தது. செல்வத்தைத் துறக்க வேண்டுமென்று பல்லாண்டு போதித்த பிரபு, தாம் மட்டும் பண்ணை மாளிகையில் வாழ்வதை எண்ணி உள்ளம் வெதும்பினார். நூல்களின் உரிமை குறித்தும் உயில் குறித்தும் இல்லத்தில் ஓயாத பூசல். 1910 நவம்பர் 10-ஆம் நாள் விடியுமுன், 82 வயதுக் கிழவர், மருத்துவர் மக்கோவிட்ஸ்கி ஒருவரையே துணைகொண்டு மாளிகையை விட்டு வெளியேறினார். (அக்காலத்து ருஷ்யப் பஞ்சாங்கம் பதின்மூன்று நாள் பின்தங்கியிருந்தது; அதன்படி அக்டோபர் 28. நாம் இங்கே நம் வழக்குத் தேதிகளையே தருகிறோம்.) சரக்குப் பெட்டிகளோடு சேர்த்துப் பூட்டிய கலப்பு வண்டியில், புகையிலை நெடி நிறைந்த மூன்றாம் வகுப்புப் பெட்டியில், குடியானவர்களோடு பேசிக்கொண்டு போனார். பெட்டிக்குள் மூச்சுமுட்டவே, வெளிமேடையில் குளிர்காற்றில் நெடுநேரம் நின்றார். நோய்க்கு வித்து அங்கேதான் விழுந்தது என்று நாம் கருதுகிறோம். துறவுபூண்டிருந்த தங்கை மரியாவை ஷமோர்தினோ மடத்தில் கண்டார். தேடி வருவார்களென்ற அச்சத்தால், பின்தொடர்ந்து வந்து சேர்ந்த மகள் அலெக்ஸாந்திராவுடன் மீண்டும் தெற்கு நோக்கி வண்டியேறினார். வழியில் கடுங்காய்ச்சல் கண்டது. 13-ஆம் தேதி மாலை வண்டி அஸ்தபோவோவில் நின்றபோது, மேற்கொண்டு செல்லல் ஆகாதென்று மருத்துவர் தீர்மானித்தார்.

இவ்வூரின் வரலாறு முழுவதும் அடுத்த சில நிமிடங்களில் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. மக்கோவிட்ஸ்கி நடைமேடையில் இறங்கி ஸ்டேஷன் மாஸ்டரைத் தேடினார். இவான் இவானோவிச் ஓசோலின் என்பது அவர் பெயர், லாட்விய வமிசத்தவர். உங்கள் நிலையத்தில் லியோ டால்ஸ்டாய் வந்திருக்கிறார், நோயுற்றிருக்கிறார், படுக்க இடம் வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது அவர் வியந்து பின்வாங்கி, உண்மைதானா என்பதுபோல் வண்டியின் தலைமைக் கண்டக்டரைப் பார்த்தார். அவர் ஆமென்றார். அவ்வளவே. ஊரில் விடுதி கிடையாது. ஓசோலின் தம் குடும்பம் வசித்த சிறு வீட்டில் நோயாளிக்கு இடம் ஒழித்துக் கொடுத்தார். பின்னர் மேலும் அறைகள் தேவைப்படவே, மனைவி மக்களோடு ஒரு மூலைக்கு ஒதுங்கிக்கொண்டார்.

இது எளிய காரியமன்று. டால்ஸ்டாய் 1901-லேயே திருச்சபையால் விலக்கப்பட்டவர். அரசாங்கத்தின் சந்தேகத்துக்கு ஆளானவர். ஓசோலினோ மாதச் சம்பளம் வாங்கும் ஊழியர். அவர் வீடு உத்தியோகத்தோடு வந்த வீடு. நோயாளிகளுக்கென அமையாத நிலையக் கட்டடத்தில் அவரைத் தங்கவைக்க அனுமதித்தவர் யார் என்று மேலிடத்துக் காவல் அதிகாரிகளிடமிருந்து தந்தி வந்தது; வேறிடத்துக்கு அகற்றவேண்டுமென்பதும் அவர்கள் கருத்து. விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் அந்தக் கேள்வியில் தவறு காண முடியாது. ஆனால் நோயாளி அகற்றப்படவில்லை. எங்கும் எக்காலத்தும் ஸ்டேஷன் மாஸ்டர்கள் பெரும்பாலும் கேட்டுச் செய்யும் பழக்கமுடையவர்கள். இவர் செய்துவிட்டுப் பதில் சொல்லும் நிலையில் நின்றார்.

அடுத்த நாட்களில் அந்தச் சிறு நிலையத்துக்கு வந்த கூட்டம் கொஞ்சமன்று. பத்திரிகை நிருபர்கள், படம்பிடிப்போர், மருத்துவர்கள், காவலர்கள், ஒற்றர்கள்! நிருபர்கள் தங்க ரயில் பெட்டி ஒதுக்கப்பட்டது. இரவு பகலாகத் தந்திக் கருவி ஓயவில்லை. உதவிக்கு வெளியூர்த் தந்தி ஊழியர்கள் அனுப்பப்பட்டனர். நூற்றுக்கணக்கில் வந்தும் போயும்கொண்டிருந்த தந்திகளால், நோயாளியின் உடல் வெப்பம் எத்தனை பாகை, நாடித்துடிப்பு எத்தனை என்பதை உலகமே உடனுக்குடன் அறிந்தது. மடத்துப் பெரியவர் ஒருவர் சமாதானம் செய்விக்க வந்தார். அவரை உள்ளே அனுமதிக்கவில்லை.

மனைவி ஸோஃபியா அம்மையார் தனி வண்டி அமர்த்திக்கொண்டு 15-ஆம் தேதி இரவு வந்து சேர்ந்தார். கிளைத் தண்டவாளத்தில் நிறுத்திய பெட்டியிலேயே அவர் தங்க நேர்ந்தது. கண்டால் நோயாளியின் இதயம் தாங்காதென்று மருத்துவர்களும் பிள்ளைகளும் தடுத்துவிட்டனர். நாற்பத்தெட்டு ஆண்டு இல்லறம் நடத்தி, அவர் நாவல்களைப் பலமுறை தம் கையால் பிரதியெடுத்துக் கொடுத்த அந்த மூதாட்டி, ஜன்னலோரம் எட்டிநின்று உள்ளே பார்க்க முயலும் காட்சி திரைப்படச் சுருளில் பதிவாகியிருக்கிறது. அவரைக் குறைகூறி எழுதினோர் பலர். அந்தப் படத்தைப் பார்த்தபின் நமக்கு அதற்கு மனம் வரவில்லை. கணவர் நினைவிழந்த பின்னரே அவரை உள்ளே விட்டனர்.

நவம்பர் 20, காலை 6 மணி 5 நிமிடம். நுரையீரல் அழற்சியால் டால்ஸ்டாயின் உயிர் பிரிந்தது. ஓவியர் லியோனித் பாஸ்டர்நாக் வந்து அந்திமக் கோலத்தை வரைந்தார். அவரோடு வந்த மகன் போரிஸ், பிற்காலத்தில் நோபல் பரிசு அறிவிக்கப்பெற்ற எழுத்தாளர். சிற்பி மெர்குரோவ் முகத்தை அச்செடுத்தார். உடல் ரயிலேறியே ஊர் திரும்பியது. 22-ஆம் தேதி யாஸ்னயா பொல்யானாவின் மரச்சோலையில், சிலுவையோ கல்லோ இன்றி, அவர் விரும்பிய இடத்தில் அடக்கம் செய்தனர்.

தமிழராகிய நமக்கும் அவருக்கும் உள்ள தொடர்பை இங்கே குறிப்பிடுதல் தகும். 1908-ல் வங்க இளைஞர் தாரக்நாத் தாஸுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் டால்ஸ்டாய் நம் திருக்குறளின் இன்னா செய்யாமை அதிகாரத்துக் குறட்பாக்களை எடுத்தாண்டார். அதைப் படித்த காந்தியடிகள் அவருக்கு எழுத, கடிதப் போக்குவரத்துத் தொடங்கிற்று. மறைவுக்கு இரு மாதங்களே இருக்கும்போது அடிகளுக்கு அவர் எழுதிய மடலும் அகிம்சையைப் பற்றியதே. அதே 1910-ல் ஜோஹானஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணை தோன்றியது. சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. அவர்களுள் தமிழர் பலர். அந்தப் பண்ணைக்கும் அருகே லாலி என்றொரு சிறு ரயில் நிலையம்தான் வாசல். பண்ணை வேலையாகப் போகிறவர் மூன்றாம் வகுப்பில் போகலாம், சொந்த ஆசைக்குப் போகிறவர் நடந்தே போகவேண்டும் என்பது அங்கே விதி.

அஸ்தபோவோ நிலையத்தின் பெயர் 1918-ல் லெவ் தோல்ஸ்தோய் என்று மாற்றப்பட்டது. நிலையத்தைச் சுற்றி வளர்ந்த ஊருக்கும் அதுவே பெயராயிற்று. புரட்சியும் உள்நாட்டுப் போரும் கூட்டுப்பண்ணைகளும் மாபெரும் யுத்தமும் ருஷ்யக் கிராமங்கள் அனைத்தின்மீதும் கடந்தவாறே இதன்மீதும் கடந்தன. முதலில் ரியாசான் பகுதியில் இருந்த ஊர், 1954-ல் லிபெத்ஸ்க் மாகாணம் அமைந்தபோது அதில் சேர்ந்தது. பத்தாயிரம் பேர்கூட இல்லாத ஊர்தான். ஆயினும் அதுவே தன் வட்டத்துக்குத் தலைநகர்.

ஓசோலினின் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. டால்ஸ்டாய் படுத்திருந்த அறை அன்றிருந்தவாறே பேணப்படுகிறது. விளக்கொளியில் சுவரில் விழுந்த அவர் முகநிழலை அப்போது ஒருவர் பென்சிலால் சுற்றி வரைந்தார். அந்தக் கோடு சுவர்க்காகிதத்தில் இன்னும் இருக்கிறது. நிலையத்துக் கடிகாரத்தின் முட்களை 6 மணி 5 நிமிடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அங்கே வண்டிக்குக் காத்திருப்பவர் மணி பார்க்கத் தம் கைக்கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும்.