ஒரு ரூபாய் ஸ்டாம்பும் ஓடிபியும்

நாக்பூருக்கு மாற்றலாகி வரும் நம்மவர்கள் முதலில் தேடுவது நல்ல இட்லி மாவு. எங்கள் ஏரியாவில் அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர்கள் தென்காசிப் பக்கத்து அண்ணன் தம்பி இருவர். கூட்டு வியாபாரம். கணக்கு எங்கள் கிளையில்தான்.

2020 மார்ச்சில், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்கு என்று முன்கூட்டியே ஊருக்குப் போன அண்ணன், ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டார். இங்கே ஹோட்டல்கள் மூடிக் கிடக்க, மாவுக்கு ஆர்டர் குவிந்தது. பெரிய கிரைண்டர் வாங்கத் தம்பி கடன் கேட்டார். நானே சாங்ஷன் செய்தேன்.

ஆனால் புரோநோட்டில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமே!

"சார், ஆதார் வச்சு ஓடிபி அடிச்சா கையெழுத்து ஆகிடுமாமே. அண்ணன் ஊர்ல இருந்தே போட்டுடுவாரு சார்."

"புரோநோட்டுக்கு அது செல்லாது தம்பி. ஸ்டாம்ப் ஒட்டி அதுமேல பேனாலதான் போடணும்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

பி.காம். படித்தவனுக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள் :-) அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். 2000-ம் வருடத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின் கையொப்பத்தை ஏற்றுக்கொண்டது நல்ல விஷயம். ஆனால் கையொப்பம் எந்தத் தொழில்நுட்பத்தில் இருக்க வேண்டும் என்பதையும் அதுவே எழுதி வைத்தது: இரட்டைச் சாவி ரகசியக் குறியீடு, ஹாஷ். வேறு வழி எதற்கும் இடமில்லை. 2008-ல் திருத்தம் கொண்டுவந்து, 2009 அக்டோபரில் அமலாக்கிய பிறகுதான் மற்ற முறைகளுக்குக் கதவு திறந்தது. ஆதார் ஓடிபி கையெழுத்து 2015-ல் அந்த வழியாக வந்ததுதான். அப்போதும் புரோநோட்டு, உயில் போன்றவை சட்டத்துக்கு வெளியே ஒதுக்கப்பட்டே இருந்தன.

எங்கள் காசோலைக் கதை இன்னும் வேடிக்கை. 1881-ம் வருடச் சட்டத்தை 2002-ல் திருத்தி இரண்டு புதுமைகளைச் சேர்த்தார்கள். ஒன்று மின் காசோலை: அது காகிதக் காசோலையின் அச்சு அசல் பிம்பமாக இருக்க வேண்டும், இன்ன குறியீட்டு முறையில் கையெழுத்தாக வேண்டும் என்றார்கள். இன்னொன்று, காகிதத்தை வங்கியிலேயே நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் அனுப்புவது. இதற்கு 'மின் படம்' என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்கள். இரண்டாவது 2008-ல் டில்லியிலும் 2011-ல் சென்னையிலும் தொடங்கி, இன்று நாடு முழுக்க நடக்கிறது. முதலாவதை இத்தனை வருட சர்வீசில் என் கவுண்டரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. 2015-ல் அந்த 'அச்சு அசல் பிம்பம்' என்ற வாசகத்தையே எடுத்துவிட்டார்கள். அதற்குள் மக்கள் நெஃப்ட், ஐஎம்பிஎஸ் என்று வேறு வழியில் போய்விட்டார்கள்.

எதிர்த் தரப்பிலும் நியாயம் உண்டு. முறையைப் பெயர் சொல்லி எழுதினால் என்னைப் போன்ற அதிகாரிக்குத் தைரியம். நாளைக்குக் கோர்ட்டில் பதில் சொல்லலாம். ஆனால் சட்டம் கேட்க வேண்டியது 'கையெழுத்துப் போட்டவர் இவர்தானா, பிறகு யாராவது திருத்தினார்களா' என்பதைத்தான் என்று நினைக்கிறேன். அதை எந்தக் கருவி நிரூபிக்கும் என்பதை மாற்றுவதற்கு எளிதான விதிகளில் வைத்துக்கொள்ளலாம். சட்டத்திலேயே கருவியைப் பூட்டிவிட்டால், அதைவிட நல்லது வரும்போது பாராளுமன்றம் கூடும்வரை காத்திருக்க வேண்டும்.

தம்பி காத்திருக்கவில்லை. மனைவியின் சங்கிலியை அடகு வைத்து கிரைண்டர் வாங்கினார். பஸ் ஓடத் தொடங்கியபின் அண்ணன் டவுனுக்குப் போய், ஒரு ரூபாய் ஸ்டாம்ப் வாங்கி ஒட்டிக் கையெழுத்துப் போட்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்பினார். அந்தக் கடன் பணத்தில் முதல் செலவு சங்கிலியை மீட்டதுதான்.

2022 செப்டம்பரில் அரசு அறிவிக்கை வந்தது. ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்கு எழுதித் தரும் புரோநோட்டு இனி மின் வடிவிலும் செல்லும். அந்த சர்க்குலரைத் தம்பியிடம் காட்டினேன்.

"ரெண்டு வருஷம் முந்தி வந்திருக்கலாம் சார்" என்றார். மாவுக்குக் காசு மட்டும் வாங்க மறுத்துவிட்டார்.